விலா எலும்பு முறிந்து வரும் முதியவர்கள்: கேசுவல்டியில் வலியைக் கையாளும் முழு வழிகாட்டி

கடலோர மருத்துவமனைகளின் கேசுவல்டியில் புதிதாக டூட்டி பார்க்க வரும் டாக்டர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் இதை எழுதுகிறேன். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என எங்கே வேலை பார்த்தாலும் இந்த நோயாளி உங்களிடம் வருவார். ஈரப் படகில் சறுக்கி விளிம்பில் மோதியவர், ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தம் ஆடிவிட்டு ஈரக் கல்தரையில் விழுந்த யாத்ரீகர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகனின் டூவீலரிலிருந்து விழுந்த அம்மா, சாயல்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்த பெரியவர்.

முறிந்த விலா பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும். ஆபத்து மூச்சில் இருக்கிறது. வலிக்குப் பயந்து அவர் மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சில நாளில் நிமோனியா வரும். 2000-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், விலா முறிந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, 22 சதவீதம் பேர் இறந்தார்கள். இளையவர்களில் இது 17, 10 சதவீதம்தான். முதியவர்களுக்குக் கூடுதலாக முறிந்த ஒவ்வொரு விலாவும் இறப்பு வாய்ப்பை 19 சதவீதமும், நிமோனியா வாய்ப்பை 27 சதவீதமும் கூட்டியது.

ஆகவே இவர்களுக்கு வலி மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. ஆழமாக மூச்சு வாங்கி, சளி வெளியே வரும்படி இருமும் அளவுக்கு வலி குறைய வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுக்க அந்த இலக்குக்காகத்தான். மருந்தளவுகள் மருத்துவப் பணியாளர்களுக்கானவை. வீட்டில் இதைப் பார்த்து யாரும் மருந்து எடுக்கக் கூடாது.

1. நோயாளி வருமுன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் எடை பார்க்கும் மெஷின். இந்தக் கடற்கரையில் எழுபது வயதுப் பாட்டிகள் பலர் நாற்பது கிலோவைத் தாண்டுவதில்லை. பாசி எடுக்கப் போகிறவர், கருவாடு காயவைக்கிறவர், உப்பளத்தில் வேலை செய்தவர் என்று யாரைப் பார்த்தாலும் உடல் வற்றித்தான் இருக்கும். கீழே வரும் அளவுகளில் பல எடையை வைத்தே கணக்கிடுபவை. நிற்க முடியாதவர் என்றால் வீட்டாரிடம் கேளுங்கள். ரேஷன் கடைத் தராசில் நின்று பார்த்திருந்தால்கூட ஒரு கணக்கு கிடைக்கும்.

அடுத்து, மூன்று பந்து ஸ்பைரோமீட்டர், அதாவது மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை எழுப்பும் பயிற்சிக் கருவி. வெளி மெடிக்கலில் கிடைக்கும் சாதாரணப் பொருள்தான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தேடினால் கிடைக்காது. கேசுவல்டி அலமாரியில் சில வாங்கி வைத்துவிடுங்கள்.

நலோக்ஸோன் (மார்ஃபின் வகை மருந்தின் வேலையை முறிக்கும் மருந்து), ஆக்ஸிஜன், சக்ஷன், மானிட்டர் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். நரம்பு பிளாக் (விலா நரம்புகளை மரத்துப்போக வைக்கும் ஊசி) போடும் இடம் என்றால், அந்த மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் கொடுக்க வேண்டிய 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அந்த ஷிஃப்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது.

2. முதல் பத்து நிமிடம்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஏன் விழுந்தார் என்று கேளுங்கள். "கால் வழுக்கிருச்சு" என்பதோடு விட்டுவிடாதீர்கள். தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நெஞ்சு அடைத்ததா? ஈசிஜியும் சர்க்கரையும் எல்லோருக்கும் பார்த்துவிட வேண்டும். மாரடைப்பு வந்து விழுந்தவருக்கு விலா வலிதான் முன்னால் தெரியும். அதை மட்டும் வைத்து வைத்தியம் செய்தால் இதயம் தவறிப்போகும்.

ரத்த அழுத்தம் 110-க்குக் கீழே இருந்தால், 65 வயதைத் தாண்டியவரில் ரத்தக் கசிவு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தேடுங்கள். 100 என்பது இளைஞனுக்குச் சரி. பிரஷருக்கு நாற்பது வருடமாக மாத்திரை போடுகிறவருக்கு அது இறக்கம். அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரின் நாடித்துடிப்பு ஏறவே ஏறாது. நாடி எண்பதுதானே என்று நிம்மதி அடைய முடியாது.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா என்று கேட்பதைவிட மாத்திரைப் பையையே வாங்கிப் பாருங்கள். அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் எல்லாம் "ஹார்ட் மாத்திரை" என்ற ஒரே பெயரில்தான் வீட்டில் இருக்கும். அது இருந்து தலையிலும் அடி இருந்தால் தலைக்கு சிடி தேவை. பிளாக் போடும் முடிவுக்கும் இந்தத் தகவல் வேண்டும்.

கீழ் விலா, அதாவது ஒன்பதிலிருந்து கீழே வலி என்றால் இடப்பக்கம் மண்ணீரல், வலப்பக்கம் கல்லீரல். வயிற்றை அழுத்திப் பார்ப்பது, அல்ட்ராசவுண்டில் ரத்தம் தேடுவது இரண்டையும் வலி மருந்துக்குத் தடையாக வைக்காதீர்கள். ஆனால் பிளாக்குக்கு முன் முடித்துவிடுங்கள். அதே புரோபை நெஞ்சிலும் வைத்து, நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ நிற்கிறதா என்று பாருங்கள்.

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை என்றால் "சதைப்பிடிப்பு" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே விலா முறிவில் ஏறத்தாழ பாதியைத் தவறவிடும். விரலால் ஒவ்வொரு விலாவாக அழுத்தும்போது ஒரே புள்ளியில் துடித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் அதை முறிவாகவே நடத்துங்கள். நெஞ்சுக்கூட்டின் ஒரு பகுதி மட்டும் மூச்சு வாங்கும்போது உள்ளே போகிறதா என்பதை வெளிச்சத்தில், சட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

கடலில் அடிபட்டவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வடகடலிலோ (பாக் விரிகுடா) தென்கடலிலோ (மன்னார் வளைகுடா) வலை இழுக்கும்போது அடிபட்டவர் கரை சேரப் பல மணி நேரம் ஆகியிருக்கும். உடல் நனைந்து, தண்ணீர் வற்றி, சரியாகச் சிறுநீர் போகாமல் வருவார். எத்தனை மணிக்கு அடிபட்டது, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், எப்போது சிறுநீர் போனார் என்ற மூன்றையும் கேட்டு எழுதிவையுங்கள். ஐந்தாவது படிக்கு அது வேண்டும்.

3. வலியை மூச்சாலும் இருமலாலும் அளப்பது

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நம் பெரியவர்கள் பலர் "பரவாயில்லப்பா" என்பார்கள். அசையாமல் படுத்திருக்கும்போது உண்மையிலேயே பரவாயில்லைதான். அந்தப் பதிலை வைத்து வலி குறைவு என்று எழுதினால் கணக்கு முதல் வரியிலேயே பிசகும்.

"ஐயா, ஒரு தடவை நல்லா இருமிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். முகத்தைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள். கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு தொண்டையில் மட்டும் ஒரு செருமல் வந்தால், அவர் வாய் என்ன சொன்னாலும் வலி கடுமையானது. வடமாநில யாத்ரீகருக்கு மொழி தெரியாவிட்டாலும் நீங்கள் ஒருமுறை இருமிக் காட்டினால் புரிந்துகொள்வார்.

வலி, மூச்சு, இருமல் மூன்றுக்கும் சேர்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் பிக் ஸ்கோர் இதற்குப் பொருத்தம். வலிக்கு 3, மூச்சு இழுக்கும் திறனுக்கு 4, இருமலுக்கு 3. பலமான இருமல் 3, பலவீனமானது 2, இருமவே முடியவில்லை என்றால் 1. மூச்சுப் பகுதிக்கு அளவுக்கோடு போட்ட ஸ்பைரோமீட்டர் தேவை. நம்மிடம் உள்ள மூன்று பந்து சாதனம் மூச்சின் வேகத்தைத்தான் காட்டும், கொள்ளளவைக் காட்டாது. அதனால் எத்தனை பந்து எழும்பியது, எத்தனை விநாடி நின்றது என்று குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த முறை அவருடைய பழைய அளவோடு ஒப்பிடுங்கள்.

அதுவும் கையில் இல்லையென்றால், முழு மூச்சு இழுத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். காலையில் இருபது வரை எண்ணியவர் மாலையில் பன்னிரண்டில் நின்றால் ஏதோ மோசமாகிறது. ஆக்ஸிஜன் அளவு குறைவதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த அளவை மருந்துக்கு முன் ஒருமுறை, மருந்து கொடுத்து அரை மணி கழித்து ஒருமுறை, அப்புறம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதாத அளவை அடுத்த ஷிஃப்ட் ஒப்பிட முடியாது.

4. பாராசிட்டமால்: உடனே, நேரம் தவறாமல்

"சாதாரண மாத்திரைதானே" என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. இதை ஒழுங்காகக் கொடுத்தால் பின்னால் வரும் மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறையும். முதியவருக்கு அது பெரிய லாபம்.

ஐம்பது கிலோவுக்கு மேல் இருந்தால் ஒரு கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்குக் கீழே கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. வயதானவருக்கு ஒரு நாளில் மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

ஊசி வழி கொடுக்கும் பாட்டிலில் 100 மி.லி.யில் ஒரு கிராம் இருக்கும். நாற்பது கிலோ பாட்டிக்கு 600 மி.கி. போதும், அதாவது 60 மி.லி. முழுப் பாட்டிலையும் தொங்கவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மீதி 40 மி.லி.யை முதலிலேயே வெளியேற்றிவிட்டுத் தொங்கவிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் ஓட வேண்டும்.

"வலித்தால் கேட்கச் சொல்லுங்கள்" என்று எழுதவே கூடாது. கேட்க மாட்டார்கள். கேட்கும் நேரத்தில் மூச்சு சுருங்கியிருக்கும். ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று நேரத்தோடு எழுதுங்கள்.

5. டைக்ளோஃபெனாக் ஊசியை எடுக்கும் முன்

விலாவில் அடி என்றதும் இடுப்பில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது பழக்கமாகிவிட்டது. வலிக்கு நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது படியில் எழுதிவைத்த மூன்று பதில்களை எடுத்துப் பாருங்கள். உடலில் தண்ணீர் வற்றியவர், சிறுநீர் சரியாகப் போகாதவர், கூடவே பிரஷருக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் அந்த ஒரு ஊசியே சிறுநீரகத்தைப் படுக்கவைத்துவிடும்.

கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் கொடுக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதயச் செயலிழப்பு, அசிட்ரோம் போன்ற மருந்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். எதுவும் இல்லாத, தண்ணீர்ச் சத்து சரியான முதியவருக்கு கீட்டோரோலாக் 10 முதல் 15 மி.கி. நரம்பு வழியாகக் கொடுக்கலாம். 30 மி.கி. கொடுத்தால் வலி அதைவிட அதிகமாகக் குறைவதில்லை, பக்கவிளைவுதான் கூடும். வயிற்றுக்குப் பான்டோப்ரசோல் சேர்த்து, ஓரிரு நாளோடு நிறுத்துங்கள்.

6. மார்ஃபின், ஃபென்டனில், கீட்டமின்: சிறுகச் சிறுக

பாராசிட்டமால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமல் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பயந்து கொடுக்காமல் விடுவதும் பிழை, இளைஞனுக்குக் கொடுக்கும் அளவை அப்படியே கொடுப்பதும் பிழை. முதியவருக்குப் பாதியில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும்.

மார்ஃபின் ஆம்ப்யூல் 10 மி.கி. உண்டு, 15 மி.கி.யும் உண்டு. உடைக்கும் முன் லேபிளைச் சத்தமாகப் படியுங்கள், பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃபும் பார்க்கட்டும். 10 மி.கி.யை 10 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. அதில் 2 மி.லி. கொடுங்கள், ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள், இருமச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு 2. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் உடலில் தேங்கி, சில மணி நேரம் கழித்து மூச்சை அடக்கும். அவருக்கு ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் வீதம் கொடுப்பது பாதுகாப்பு.

மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே இறங்கினாலோ தூக்கம் கலையாவிட்டாலோ நிறுத்திவிட்டு ஆக்ஸிஜன் கொடுங்கள். நலோக்ஸோன் 400 மைக்ரோகிராம் ஆம்ப்யூலை 10 மி.லி. ஆக்கி ஒவ்வொரு மி.லி.யாகக் கொடுங்கள். மொத்தத்தையும் தள்ளினால் வலி முழு வேகத்தில் திரும்பி வந்து, பழைய இதயக்காரருக்கு அதுவே ஆபத்தாகும்.

ட்ரமடால் எல்லா இடத்திலும் கிடைக்கிறது என்பதால் அதிகம் ஓடுகிறது. முதியவருக்கு அது குழப்பம், வாந்தி, சோடியம் குறைவு, சில சமயம் வலிப்பு வரை கொண்டுபோகும். வேறு வழியே இல்லையென்றால் 50 மி.கி.யை மெதுவாகக் கொடுங்கள். 75 வயதைத் தாண்டியவருக்கு நாளுக்கு 300 மி.கி. உச்ச வரம்பு. ஃபோர்ட்வினும் (பென்டாசோசின்) பெனெர்கனும் (ப்ரோமெத்தசின்) கலந்த ஊசியை இவர்களுக்குத் தொடவே வேண்டாம். ஃபோர்ட்வின் போட்டால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பெனெர்கன் நினைவைக் குழப்பும். ராத்திரி முழுக்கப் பிதற்றிக்கொண்டு ட்ரிப்பைப் பிடுங்கும் பெரியவர்களில் பலருக்கு முந்தின மாலை ஷீட்டில் இந்த ஊசி இருக்கும். ஒவ்வாமைக்குப் போடும் அவில் ஊசியும் அதே வகைத் தொல்லைதான்.

இந்த மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவருக்குக் குறைந்த அளவு கீட்டமின் நல்ல மாற்று. கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மி.கி.யை 100 மி.லி. சலைனில் கலந்து பதினைந்து நிமிடத்துக்கு ஓடவிடுங்கள். ஐம்பது கிலோக்காரருக்கு 10 மி.கி. என்றால் சரியாக இருக்கும். வேகமாகத் தள்ளினால் மிதப்பது போலிருக்கும், பயந்துவிடுவார். கொடுக்கும் முன்பே "கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்கும், பயப்படாதீங்கம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி பக்கத்திலேயே இருங்கள்.

எந்த ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) கொடுத்தாலும் அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதுங்கள். முக்கும்போது விலா எப்படி வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு அடிவயிற்றைத் தொட்டு, சிறுநீர் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ராஸ்டேட் உள்ளவருக்கு மார்ஃபினில் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அந்த வேதனையை விலா வலி என்று நினைத்து இன்னும் மார்ஃபின் கொடுப்பது நடக்கிறது.

7. நரம்பு பிளாக்: தள்ளிப்போட வேண்டாம்

மூன்று அல்லது அதற்கு மேல் விலா முறிந்த முதியவருக்கு, மருந்தெல்லாம் தோற்ற பிறகு பிளாக்கைப் பற்றி யோசிப்பது வழக்கமாக இருக்கிறது. வரிசை இங்கேதான் மாற வேண்டும். பாராசிட்டமால் ஓட ஆரம்பித்ததுமே பிளாக் போடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பிளாக் வேலை செய்தால் மார்ஃபின் கொஞ்சமே போதும், குழப்பம் வராது, ஸ்பைரோமீட்டரில் பந்து எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எந்த பிளாக் என்பது முறிவு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. முன்பக்கமும் பக்கவாட்டிலும் என்றால் செரேட்டஸ் ஆன்டீரியர். முதுகுப் பக்கம் என்றால் எரெக்டர் ஸ்பைனே. செரேட்டஸ் போட நோயாளி மல்லாந்து படுத்திருந்தாலே போதும், கையை மட்டும் விலக்கி வைத்தால் சரி. இடுப்பும் அடிபட்டுத் திரும்ப முடியாதவருக்கு அதுதான் வழி. எரெக்டருக்கு உட்கார வேண்டும் அல்லது ஒருக்களிக்க வேண்டும். முதுகுத்தண்டு அடி இல்லை என்று உறுதியான பிறகே திருப்புங்கள்.

அளவுக் கணக்கைத் தாளில் போடுங்கள், மனக்கணக்கு வேண்டாம். புப்பிவாகேயின் கிலோவுக்கு 2 மி.கி. என்பதை உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 0.5 சதவீத மருந்தில் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. உண்டு. அதில் 15 மி.லி. எடுத்து 15 மி.லி. சலைன் சேர்த்தால் 0.25 சதவீதம், 30 மி.லி., மொத்தம் 75 மி.கி. நாற்பது கிலோ எடைக்கு உச்சம் 80 மி.கி.; அடங்கிவிட்டது. முப்பத்தைந்து கிலோ என்றால் 70 மி.கி.தான், அதாவது 28 மி.லி. இந்த பிளாக்குகளில் தசைக்கு இடையே மருந்து பரவுவதுதான் முக்கியம் என்பதால், அடர்த்தியைக் குறைத்துக் கொள்ளளவைக் காப்பாற்றுகிறோம்.

செரேட்டஸ் முறையைச் சொல்கிறேன். ட்ரிப் லைன் ஓட வேண்டும், ஈசிஜி மானிட்டர் மாட்டியிருக்க வேண்டும். நேர்கோட்டு புரோபை அக்குளின் நடுக்கோட்டில், நான்காவது ஐந்தாவது விலா மட்டத்தில் வையுங்கள். மேலே லாடிஸ்ஸிமஸ் தசை, அதற்குக் கீழே விலாவின் மேல் படிந்த செரேட்டஸ், அதற்கும் கீழே மூச்சோடு சறுக்கும் வெள்ளைக் கோடாக நுரையீரல் உறை. மூன்றையும் அடையாளம் கண்ட பிறகுதான் ஊசி. ஊசி முனை திரையில் தெரியாத நொடியில் கை நிற்க வேண்டும். புரோபை அசைத்து முனையைத் தேடுங்கள், ஊசியைத் தள்ளித் தேடாதீர்கள்.

செரேட்டஸ் தசையின் மேலோ கீழோ மருந்தை விடலாம். முதலில் சலைன் ஒன்றிரண்டு மி.லி. விட்டு, தசைகள் இரண்டாகப் பிரிவதைப் பாருங்கள். ஒரே இடம் உப்பினால் தசைக்குள் இருக்கிறீர்கள், கொஞ்சம் நகர்த்துங்கள். ஒவ்வொரு 5 மி.லி.க்கும் ஒருமுறை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

பெண்களுக்குப் போடும்போது ஸ்டாஃப் நர்ஸ் கூட இருக்கட்டும். திரையை இழுத்து, நெஞ்சைத் துணியால் மூடி, அக்குள் பக்கம் மட்டும் திறந்தால் போதும். கூச்சத்தில் கையை இறுக்கிக்கொண்டால் தசையும் இறுகும், படமும் கெடும். என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் அந்த அம்மாவிடமே சொல்லுங்கள், மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பிக்காதீர்கள்.

போட்டு முடித்ததும் அரை மணி நேரம் அவரை விட்டு நகரக் கூடாது. உதட்டைச் சுற்றி மரத்தல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், திடீர்ப் பதற்றம் இருந்தால் மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. மருந்து இன்னும் போய்க்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஆக்ஸிஜன் கொடுங்கள், ஆள் கூப்பிடுங்கள், 20 சதவீத லிப்பிட்டைக் கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் இரண்டு மூன்று நிமிடத்தில் கொடுங்கள். அப்புறம் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. ஓடட்டும். வலிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிளாக் பிடிக்க இருபது முப்பது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று மார்ஃபினை ஏற்றுவது இன்னொரு வழக்கமான பிழை. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது மூச்சு அடங்கிவிடும். ஒருமுறை போட்டால் அரை நாள் வரை தாங்கலாம். அது இறங்கும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவாக இருக்கும் என்பதால், அந்த நேரத்துக்குப் பாராசிட்டமாலும் சிறு அளவு ஓபியாய்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அசிட்ரோம் போன்றவை சாப்பிடுகிறவருக்கு எபிடியூரல், அதாவது முதுகுத்தண்டுப் பகுதியில் போடும் மரப்பு ஊசி, ஆகாது. மேலோட்டமான செரேட்டஸ் பிளாக்கை மயக்க மருத்துவரோடு பேசிப் போடலாம். அந்த இடத்தில் ரத்தம் கசிந்தாலும் வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க முடியும்.

அல்ட்ராசவுண்டோ தெரிந்த ஆளோ இல்லாத இடத்தில் கண்மூடித்தனமாக முயல வேண்டாம். 5 சதவீத லிக்னோகேயின் பேட்ச் கிடைத்தால், தோல் கிழியாத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஒட்டி, பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவிடுங்கள். பலன் சிறிதுதான், தீங்கு இல்லை.

8. இறுக்கிக் கட்டுவதும் எண்ணெய் போட்டு நீவுவதும்

நெஞ்சைச் சுற்றித் துண்டோ பெல்ட்டோ இறுக்கிக் கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. சில சமயம் நம் ஆட்களே கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்புகிறார்கள். கட்டினால் வலி குறைவது உண்மை, ஏனென்றால் நெஞ்சு விரியவே முடியாது. அதே காரணத்தால்தான் நுரையீரலின் அடிப்பகுதி அடைத்துக்கொள்ளும். அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்கும் முன் வலி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை அவிழ்க்க விடமாட்டார்.

எண்ணெய் போட்டு நீவினால் முறிந்த முனை நுரையீரலைக் குத்தலாம் என்று வீட்டாரிடம் நேராகச் சொல்லுங்கள். திட்டாமல் சொன்னால் கேட்பார்கள்.

9. வலி இறங்கியதும் மூச்சுப் பயிற்சி

மருந்து வேலை செய்யும் நேரத்தை வீணாக்கக் கூடாது. தலைமாட்டை முப்பது நாற்பத்தைந்து டிகிரிக்கு உயர்த்துங்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துமுறை ஸ்பைரோமீட்டரை இழுக்க வேண்டும். ஊதச் சொல்வது அல்ல, உறிஞ்சச் சொல்வது. பலர் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருப்பார்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல மெதுவாக இழுங்கள் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இருமும்போது ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ அடிபட்ட இடத்தில் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இருமும் அந்த நொடிக்கு மட்டும்தான் இந்தத் தாங்கல். கட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அது. அன்றே நாற்காலியில் உட்கார வையுங்கள், முடிந்தால் கழிவறை வரை நடக்கட்டும். கூட இருக்கும் மகளுக்கோ பேரனுக்கோ இதைக் கற்றுக்கொடுத்தால் ஒவ்வொரு மணிக்கும் அவர்களே நினைவூட்டுவார்கள்.

10. வீடா, வார்டா, மேல் மருத்துவமனையா

வயது 65-க்கு மேல், மூன்று அல்லது அதற்கு மேல் விலா முறிவு என்றால் தீவிரக் கண்காணிப்புள்ள படுக்கை தேவை. நுரையீரல் நோய், ரத்தம் இளக்கும் மருந்து, ஆக்ஸிஜன் 95-க்குக் கீழ், இவற்றில் எது சேர்ந்தாலும் எச்சரிக்கை கூடும். ஒரே ஒரு விலா முறிந்தவராக இருந்தாலும் மருந்துக்குப் பிறகு இருமல் பலவீனமாகவே இருந்தால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனை என்றால் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு வேகத்தடையும் அந்த விலாவில்தான் இறங்கும். 108 வந்து நிற்கும்போது அவசரமாக ஏற்றிவிட்டு, வலி மருந்தை அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். கிளம்பும் முன் பாராசிட்டமால் ஓடி முடியட்டும். பிளாக் போட முடிந்தால் போட்டு, அந்த அரை மணிக் கண்காணிப்பையும் முடித்து அனுப்புங்கள். நெஞ்சுக்குள் காற்றோ ரத்தமோ கணிசமாக இருந்தால் டியூப் போடுவதா என்ற முடிவைப் புறப்படும் முன்பே, வாங்கிக்கொள்ளும் மருத்துவரோடு பேசி எடுங்கள். வழியில் அதைச் செய்ய முடியாது.

ரெஃபரல் தாளில் மருந்தின் பெயர், அளவு, மணி மூன்றும் வேண்டும். பிளாக் போட்டிருந்தால் எந்தப் பக்கம், எத்தனை மி.கி. என்று பெரிதாக எழுதுங்கள். இல்லையென்றால் அங்கே மறுபடி போட்டு உச்ச அளவைத் தாண்டிவிடுவார்கள். சாலை விபத்து என்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். செலவுக்குப் பயந்து வேண்டாம் என்பவர்கள் அப்போது சம்மதிப்பார்கள்.

11. வீட்டுக்கு அனுப்பும்போது

மாத்திரை நேரத்தை அவர்கள் நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். விடிகாலை எழுந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கு வைக்கும் நேரம், படுக்கும் முன். கீழக்கரை, பனைக்குளம் பக்கத்து வாப்பாக்களுக்குத் தொழுகை நேரத்தை வைத்துச் சொன்னால் தவறவே தவறாது. நோன்பு மாதம் என்றால் நோன்பு வைக்கும் எண்ணம் உண்டா என்று நீங்களே கேளுங்கள். பகல் முழுக்க மாத்திரையும் தண்ணீரும் இல்லாமல் போனால் மூச்சுப் பயிற்சி நின்றுவிடும் என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மெடிக்கலில் "வலி மாத்திரை" என்று கேட்டால் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையைத் தந்துவிடுவார்கள். நாம் கொடுத்ததோடு சேர்ந்து பாராசிட்டமால் இரட்டிப்பாகும், நாம் வேண்டாம் என்று விட்ட மருந்தும் உள்ளே போகும். சீட்டில் எழுதியதைத் தவிர வேறு வலி மாத்திரை வாங்கக் கூடாது என்று சொல்லி, அதைச் சீட்டிலும் தமிழில் எழுதுங்கள்.

காய்ச்சல், மஞ்சள் சளி, படுத்தால் மூச்சுத் திணறல், பேச்சில் குழப்பம், முன்னைவிட அதிகத் தூக்கம், சாப்பாடு வேண்டாம் என்பது, இதில் எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும். முதியவருக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் குழப்பமாக மட்டும் வரலாம். அதனால் நன்றாக இருந்தாலும் இரண்டாம் மூன்றாம் நாள் ஒருமுறை பார்த்தாக வேண்டும். மருத்துவமனைக்கு வர முடியாதவர் என்றால் அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் செய்து, இருமச் சொல்லி, ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பார்க்கக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிவைத்த பழைய எண்ணிக்கையையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடலுக்கு எப்போது போகலாம் என்று கட்டாயம் கேட்பார்கள். எலும்பு சேர ஆறு வாரம் ஆகும், வலை இழுப்பதற்கும் நங்கூரம் தூக்குவதற்கும் அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே விழுந்து விலா முறிந்தவர் என்றால் எலும்பு பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறாவது வாரம் வரும்போது கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி எலும்பு மருத்துவரிடம் அனுப்பும் குறிப்பையும் முதல் நாள் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.